கழுதை பூட்டி உழுத வயல்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப் போர். மூன்றாவது பாடம் இரண்டாம் உலகப் போர். மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் ஜூன் மாதத்தில், வகுப்பறையில் சரயேவோவில் துப்பாக்கி வெடிக்கிறது. காலாண்டுத் தேர்வு வருவதற்குள் ஹிரோஷிமாவும் முடிந்துவிடும். விடைத்தாளில் மிஞ்சுவது காரணங்கள் நான்கு, விளைவுகள் ஐந்து, ஒரு காலக்கோடு. 28 ஜூன் 1914க்கும் 28 ஜூன் 1919க்கும் குழம்பினால் மதிப்பெண் போகும். குண்டு விழுந்த ஊரில் மறுநாள் காலை யார் சோறு வடித்தார்கள் என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

"இந்த வயசுல போர்க் கொடுமையெல்லாம் எதுக்கு சார், புள்ளைங்க பயந்துடும்" என்பார்கள் பெற்றோர். ஆசிரியர்களில் பாதிப் பேரும் அதே கட்சிதான். "எல்லாத்தையும் காட்டணும், அப்பதான் உறைக்கும்" என்று ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சண்டை ரத்தத்தின் அளவைப் பற்றித்தான். என் கட்சி வேறு. போரின் கொடுமையைப் பள்ளியில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் தொடங்குகிற இடம் சொந்த ஊராக இருக்க வேண்டும், அதிலும் நம் ஆட்கள் பிறருக்குச் செய்ததை முதலில் சொல்ல வேண்டும். நமக்கு நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்தினால், அந்தப் பாடம் அடுத்த சண்டைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துவிடும்.

டெல்டாப் பிள்ளைக்குப் போர் என்றால் யானை மேல் ராஜேந்திரன். ஆண்டு விழாவில் அட்டைக் கிரீடம், ஜிகினா வாள், பின்னால் ஒலிபெருக்கியில் "கடாரம் கொண்டான்". அதில் தவறு ஒன்றும் இல்லை, பிள்ளைகள் ஆடட்டும். ஆனால் அந்தப் பட்டப்பெயருக்கு அடுத்த வரி ஒன்று இருக்கிறது. அது எதிரியின் ஊரில் எழுதப்பட்டிருக்கிறது.

கர்நாடகத்தில் ஹொட்டூர் என்று ஒரு ஊர். அங்கே 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயன் காலத்தது. சோழப் படை ஒன்பது லட்சம் பேரோடு வந்தது, நாடு முழுக்கக் கொள்ளையடித்தது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது என்று சொல்கிறது. படைக்குத் தலைமை நம் ராஜேந்திரன், அப்போது இளவரசன். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் இருக்கும் கல்வெட்டுகளையும் பிள்ளைகள் பார்க்கலாம். சேரனையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து கோயிலுக்கு இன்னின்ன பொற்பாத்திரம், இத்தனை கழஞ்சு எடை என்று வரிவரியாக இருக்கும். ஈழத்து ஊர்கள் சிலவும் இந்தக் கோயிலுக்கு நெல்லும் காசும் அளக்க வேண்டியவையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் மகிந்தன் என்ற சிங்கள அரசன் 1017இல் சோழர் கையில் சிக்கி, 12 ஆண்டு இங்கேயே கைதியாக இருந்து செத்தான். வென்றவன் கல்லில் எடைக்கணக்கு இருக்கிறது, தோற்றவன் கல்லில் ஒப்பாரி இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து கரும்பலகையில் எழுதினால் வகுப்பு தானாக அமைதியாகும்.

உடனே ஒரு கை உயரும். "அப்ப நம்ம ராஜா கெட்டவரா சார்?" இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வந்தால் ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ஒன்பது லட்சம் என்ற எண்ணைக் கையில் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நெல்லில் போடும் கணக்கு என்பதால் இது டெல்டாவில் எடுபடுகிற மாதிரி வேறெங்கும் எடுபடாது.

முதலில் சின்னப் படையாக எடுத்துக்கொள்ளலாம், 10,000 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம் அரிசி. நடக்கிற, சண்டை போடுகிற ஆளுக்கு இது அதிகம் இல்லை. மொத்தம் 6,000 கிலோ. 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி காணும் என்று வைத்தால் 9,230 கிலோ நெல், அதாவது 60 கிலோ மூட்டையில் 154. இன்று குறுவையில் ஏக்கருக்கு 35 மூட்டை எடுக்கிறவர் உண்டு. பழைய ரகத்துக்கு, உரம் இல்லாத காலத்துக்கு, 15 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். படை ஒரு நாள் தங்கினால் 10 ஏக்கர் காலி. ஒரு மாதம் தங்கினால் 300 ஏக்கருக்கு மேல். குதிரைக்குக் கொள்ளு தனி, மாட்டுக்கு வைக்கோல் தனி, அடுப்பெரிக்கக் கொட்டகையும் ஏர்க்காலும் தனி.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, விதைநெல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். நாற்றங்காலுக்கு ஏக்கருக்கு 30 கிலோ என்று வீட்டில் கேட்டுவிட்டு வந்த பிள்ளை வகுப்பில் கட்டாயம் இருக்கும். அப்படியானால் அந்த 154 மூட்டை, 308 ஏக்கருக்கான விதை. படைவீரனுக்கு விதைநெல்லும் சோற்று நெல்லும் ஒன்றுதான், குத்தினால் அரிசி. படை போன பிறகும் பஞ்சம் ஏன் இரண்டு வருடம் நீள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. ஒரு பிணத்தைக்கூடக் காட்டாமல் போரின் கொடுமை பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இப்போது ஒன்பது லட்சத்துக்கு வரலாம். 90ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 13,800 மூட்டைக்கு மேல். வண்டிக்கு 12 மூட்டை என்றால் 1,150 மாட்டு வண்டி. வண்டிக்கு 10 மீட்டர் இடம் விட்டால் வரிசை பதினொன்றரைக் கிலோமீட்டர். பெரிய கோயில் வாசலில் முதல் வண்டி நின்றால், கடைசி வண்டி திருவையாற்றை நெருங்கி நிற்கும். ஒரே ஒரு நாள் சாப்பாட்டுக்கு! ஒன்பது லட்சம் என்பது ஊதிய எண் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். அடுத்த படிதான் கஷ்டம். "அப்ப கொன்னதும் பொய்தானா சார்?" எண் ஊதப்பட்டிருக்கிறது என்பதால் நடந்தது நடக்காமல் போய்விடாது. தலைக்கணக்கைக் கூட்டிச் சொல்கிறவன் எல்லாக் காலத்திலும் உண்டு, குறைத்துச் சொல்கிறவனும் உண்டு. இதை ஹொட்டூரில் கற்றுக்கொண்ட பிள்ளை, இலங்கைப் போர் முடிந்த 2009ஐப் பற்றிப் படிக்கும்போது தடுமாறாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் வயலுக்கு நடந்தது இரண்டாவதாக. 1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியனின் புகழைக் கல்லில் பாடும் மெய்க்கீர்த்தி "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி" என்று பெருமையாகவே சொல்கிறது. உறந்தை என்றால் உறையூர். வாவியையும் ஆற்றையும் கெடுத்தது, மதில், கோபுரம், ஆடரங்கு, மாளிகை இடித்தது, பெண்கள் அழுத கண்ணீர் ஓடியது என்று பட்டியல் நீள்கிறது. அப்புறம் "கழுதை கொண்டு உழுது கவடி வித்தி". கவடி என்றால் சோழி. விதைத்தால் முளைக்காது. கழுதை பூட்டி உழுவது அந்த மண்ணுக்கே செய்கிற அவமானம், சங்கப் பாடல்களிலேயே வருகிற பழைய வழக்கம். ஏன் இவ்வளவு ஆத்திரம்? சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் பாண்டியர் முடிசூட்டு மண்டபத்தை இடித்தவன் மூன்றாம் குலோத்துங்க சோழன். "பாண்டியன் முடித்தலை கொண்டருளிய" என்று அவன் பட்டம். எரித்துவிட்டு நாட்டைத் திருப்பிக் கொடுத்த பாண்டியனுக்கு "சோணாடு வழங்கியருளிய" என்று பட்டம். கொண்டருளிய, வழங்கியருளிய... அருளாத ஆளே இல்லை. தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே பாடவேளையில் சேர்ந்து நின்று நடத்த வேண்டிய இடம் இது. பெயரெச்சமும் விளங்கும், வெற்றி என்பது யார் எழுதிய சொல் என்பதும் விளங்கும்.

பெரும்பாலான பள்ளிகளில் தவறு நடப்பது இதற்கு அடுத்த கட்டத்தில். 1311இல் மாலிக் கபூர், 1781இல் ஐதர் அலி. "ஐதர் கலாபம்" என்று பேச்சு வழக்கில் இன்றும் உண்டு. இந்த இரண்டையும் தனியாக எடுத்துச் சொன்னால், வகுப்பில் இருக்கும் நாகூர்ப் பையனையோ அதிராம்பட்டினத்துப் பெண்ணையோ நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஹொட்டூரும் சுந்தரபாண்டியனும் ஏற்கெனவே நடத்தி முடிந்திருந்தால் யாரும் திரும்ப மாட்டார்கள். தஞ்சையை எரித்தவன் தமிழன், சிவபக்தன் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த வரிசையை மாற்றக் கூடாது என்கிறேன். ஆண்டுவாரியாக நடத்தினாலும் சோழர் வந்த பிறகுதான் மாலிக் கபூர் வருவார். ஆனால் சோழர் பாடத்தைக் கோயில், ஏரி, குடவோலை என்று முடித்துவிட்டு, மாலிக் கபூர் பாடத்தில் மட்டும் கொள்ளையைத் தொடங்குகிறார்கள். கோளாறு அங்கேதான்.

ஐதர் படையெடுப்பையும் மழுப்ப வேண்டாம். வயல் எரிந்தது, மாடு போனது, மக்கள் கூட்டம் கூட்டமாகக் கோட்டைக்கு ஓடிவந்து தெருவில் விழுந்து செத்தார்கள். அப்போது தஞ்சாவூரில் இருந்த பாதிரியார் சுவார்ட்ஸ் எழுதி வைத்த ஒரு விவரம் பொன் மாதிரி. கோட்டைக்குள் நெல் இல்லை, சுற்று வட்டாரத்தில் நெல் இருந்தது. ஆனால் யாரும் வண்டி கட்டிக் கொண்டுவரவில்லை. முன்பு அரண்மனைக்காரர்கள் வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் விட்டதுதான் காரணம். கடைசியில் சுவார்ட்ஸ் தன் சொந்தப் பொறுப்பில் பணம் தருவதாகச் சொன்ன பிறகு 80,000 கலம் வந்து சேர்ந்தது. மூட்டைக்கு இரண்டு கலம் என்றால் 40,000 மூட்டை. ஊருக்கு வெளியே எதிரிப் படை, உள்ளே பட்டினி, நடுவில் பழைய பாக்கி. கொள்முதல் நிலையத்தில் பட்டியல் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தண்ணீரைச் சொல்லாமல் டெல்டாப் போர் முடியாது. 1754இல் திருச்சியைச் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சுப் படை கல்லணைக்குப் பக்கத்துக் கோவிலடியைப் பிடித்துக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருந்த கரையை வெட்டிவிட்டது. தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனால் தஞ்சாவூர் காயும். தஞ்சை அரசன் ஆங்கிலேயர் பக்கம் நின்றதற்கு அதுதான் தண்டனை. போர் ஓய்ந்து பத்து வருடம் கழித்தும் அந்தக் கரையை யார் சரிசெய்வது என்று ஆற்காட்டு நவாபுக்கும் தஞ்சை அரசனுக்கும் வழக்கு. கல்லணைக்குச் சுற்றுலா போகும் பள்ளிப் பேருந்து கோவிலடிக்கும் போய் வரலாம். கரிகாலன் சிலையோடு படம் எடுத்தால் மட்டும் போதாது.

நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் 1746, 1758, 1782 என்று மூன்று முறை மோதின. தேதிக்கு மேல் இதற்கு நேரம் தேவையில்லை. நம் கடற்கரையில் நடந்தாலும் நம் சண்டை இல்லை என்று சொல்லிவிட்டு நகரலாம்.

உலகப் போருக்கு வருவோம். பதுங்குகுழி என்று புத்தகத்தில் ஒரு சொல் இருக்கும். அதைப் பிள்ளைக்குக் காட்ட வேறெங்கும் போக வேண்டாம், சேற்றுப்புண் போதும். நடவு காலத்தில் அம்மாவின் கால்விரல் இடுக்கைப் பார்க்காத பிள்ளை இங்கே குறைவு. முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முழங்கால் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற வீரர்களின் கால் மரத்து, வீங்கி, கருத்து, அழுகியது. ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். நம் சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. அது குளிரும் ஈரமும் சேர்ந்து ரத்த ஓட்டத்தை நிறுத்துவதால் வருவது, முற்றினால் காலை எடுக்க வேண்டியதுதான். கடைசியில் ராணுவம் கண்ட வைத்தியம் காய்ந்த காலுறை, திமிங்கில எண்ணெய், இரண்டு இரண்டு பேராக ஒருவர் காலை இன்னொருவர் பார்ப்பது. எதிரியின் குண்டைவிட ஈரமான காலுறையைக் கண்டு பயந்த ஆட்கள் என்று சொன்னால், அந்தப் படம் பிள்ளை மனதில் நிற்கும். இந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் 13 லட்சத்துக்கு மேல், திரும்பாதவர்கள் ஏறத்தாழ 74,000.

இரண்டாம் உலகப் போரில் டெல்டாவின் பெரிய காயம் பத்தாம் வகுப்புத் தேர்வில் வருவதே இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, கங்காணி காட்டிய வழியில் பினாங்கு போய், மலாயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்காரர்கள். 15 பிப்ரவரி 1942இல் சிங்கப்பூர் விழுந்தது. அன்றோடு கடிதமும் மணியார்டரும் நின்றன. ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். ஜூன் 1942 தொடங்கி அக்டோபர் 1943க்குள் காடு, மலை, ஆறு எல்லாம் தாண்டி முடித்தார்கள். கூலியும் சாப்பாடும் தருவதாகச் சொல்லித் தோட்டத்திலிருந்து தமிழர்களைக் கூட்டிப்போனார்கள், ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டும் போனார்கள். மழைக்காலத்தில் காலரா வந்தது. நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், செத்தவர் 12,000க்கு மேல். ஆசியக் கூலிகளில் செத்தவர் 90,000 வாக்கில் என்பது பரவலான மதிப்பீடு.

இதில் ஏன் "வாக்கில்" என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டும். கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்துவைத்துப் பெயர் எழுதிய நோட்டு இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்று ஏறத்தாழ 7,000 கல்லறை, வரிசை பிசகாமல், புல் வெட்டி, பெயரோடு. கூலிக்குப் பெயர் எழுத ஆளில்லை. குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் குடும்பம் குடும்பமாகப் புதைந்தார்கள். எண்ணப்படுவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

இதை ஊரில் தேடிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1942இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. அதனால் நேரில் பார்த்தவரைத் தேடாமல், வீட்டில் மிஞ்சியதைத் தேடச் சொல்லுங்கள். மலாயாவிலிருந்து வந்த இரும்புப் பெட்டி, பினாங்கு ஸ்டூடியோ படம், செல்லாமல் போன ஜப்பான் காசு, பழைய பாஸ்போர்ட். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து போக வேண்டும், ஒன்று கேட்க, ஒன்று எழுத. தாத்தா பாட்டியிடம் "எந்த வருஷம்" என்றால் பதில் வராது. "1952 புயலுக்கு முன்னாடியா பின்னாடியா" என்றால் வரும். "எத்தனை பேர் செத்தாங்க" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். "அப்ப அரிசி என்ன விலை, மண்ணெண்ணெய் கிடைச்சுதா, துணி எப்படி, லெட்டர் யார் படிச்சுச் சொல்வாங்க" என்று தொடங்கினால் அரைமணி நேரத்தில் அவர்களே செத்தவரைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லும்போது அழுதால் ரெக்கார்டரை நிறுத்திவிட வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், அழுகையைத்தான் ஸ்டேட்டஸில் போடுவார்கள்.

2009. இதை எந்தப் பள்ளியும் தொடுவதற்குப் பயப்படும், பயத்துக்குக் காரணமும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை 60 கடல் மைல், கப்பல் போய்வருகிற தூரம். தஞ்சாவூருக்குப் பக்கத்திலேயே விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் கற்சிற்பங்களோடு நிற்கிறது. திருச்சியில் கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசாமல் விட்டால் கைபேசி பேசிவிடும், அது எதைக் காட்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பதினொன்று, பன்னிரண்டில் இதை நடத்தலாம். ஹொட்டூர்க் கணக்கு இங்கே கைகொடுக்கும். பொதுமக்கள் யாரும் சாகவில்லை என்ற நிலையில் நின்றது இலங்கை அரசு. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது 2011இல் ஐநா நிபுணர் குழு. எண்கள் ஏன் இவ்வளவு விலகுகின்றன, யார் உள்ளே இருந்தார்கள், யாரை வெளியே அனுப்பினார்கள், எண்ணுவதற்கு யாரை விட்டார்கள் என்று கேட்டால் போதும். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை அங்கே இருந்ததையும், யாழ்ப்பாண மருத்துவமனையில் 1987 அக்டோபரில் அந்தப் படை நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றதையும், நம் வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் அங்கே மடிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புலிகள் சிறுவர்களைப் படைக்குப் பிடித்ததையும், 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியதையும் விட்டுவிட்டால், மறுபடியும் பாதிப் பாடம்தான். பெண்களுக்கு நடந்ததை ஒரு வாக்கியத்தில், நேராக, விவரிக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் பிள்ளைகள் தேடுவார்கள், விவரித்தால் அது வேறு பாடமாகிவிடும்.

இந்த வகுப்பில் நடக்கிற பெரிய தவறு, முகாம் பிள்ளையை எழுப்பி "நீ சொல்லும்மா, உங்க ஊர்ல என்ன நடந்துச்சு" என்று கேட்பது. நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை பிறந்தது திருச்சியாக இருக்கும், அப்பாவுக்கு நடந்ததை அப்பா வீட்டில் சொல்லியே இருக்க மாட்டார். முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு இந்தப் பாடம் நடத்தப் போறேன், நீ லைப்ரரியில இருக்கணும்னா இருக்கலாம், உன்ன எதுவும் கேக்க மாட்டேன்" என்று சொன்னால் போதும். பெரும்பாலும் வகுப்பிலேயே உட்காரும். உட்காரலாம், போகலாம் என்ற இரண்டும் அதன் கையில் இருப்பதுதான் முக்கியம்.

படம் காட்டுவதில் என் விதி சின்னது. பிணத்தின் முகம் வேண்டாம், ஓடுகிற வீடியோ வேண்டாம், பொருள் காட்டலாம். ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிப் பையனின் கருகிய டிபன் டப்பா இருக்கிறது. உள்ளே சாதம் கரியாக அப்படியே. 8.15க்கு நின்றுபோன கடிகாரமும் இருக்கிறது. காலை மணி அடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். டிபன் டப்பாவைப் பார்த்த பிள்ளை மதியம் தன் டப்பாவைத் திறக்கும்போது யோசிக்கும். பிணத்தைப் பார்த்த பிள்ளைக்கு இரண்டு வழிதான். ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், இல்லை சிரிக்கும். சிரிப்பதைக் கண்டு ஆசிரியர் கையை ஓங்கினால் எல்லாம் கெட்டது. அது திமிர் இல்லை, பயம். பையன்கள் பக்கம் அதிகம் வரும். கண்டுகொள்ளாமல் அடுத்த வேலையைக் கொடுத்துவிட வேண்டும்.

கடைசிப் பாடவேளையில் இதை வைக்கவே கூடாது, வெள்ளிக்கிழமை மதியம் அதைவிட மோசம். மணி அடித்ததும் பிள்ளை அந்த மனதோடு பேருந்து ஏறி வீட்டுக்குப் போய், இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருக்கும். செவ்வாய், புதன் இரண்டாவது பாடவேளை நல்லது. மதிய உணவுக்கு முன்னும் வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்தைப் பேசாமல் எழுதுவதற்கு விட்டுவிட்டு, தாளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், திருத்தக் கூடாது. மறுநாள் யார் வரவில்லை என்று மட்டும் பார்க்க வேண்டும்.

நடித்துக் காட்டச் சொல்வதும் ஆகாது. "நீ பாண்டியன், நீ சோழன்" என்றால் சிரிப்போடு முடியும். "நீ சிங்களன், நீ புலி" என்றால் மைதானத்தில்தான் முடியும். பட்டிமன்றமும் அப்படித்தான். போர் தேவையா தேவையில்லையா என்று அணி பிரித்தால் கைதட்டு வாங்குகிற வாக்கியத்தைத்தான் பிள்ளை தேடும், அந்தத் திறமை நம்மூரில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

தேர்வுக்கு என்ன செய்வது என்பார்கள். காலக்கோட்டை விட முடியாது, மதிப்பெண் அங்கேதான். அதனால் புதிதாகப் பாடவேளை கேட்காமல், இருக்கிற பாடத்துக்குள் நுழைக்க வேண்டியதுதான். நெல் கணக்கு ஒரு பாடவேளை. ஜூன் கடைசியில், நாற்றங்காலுக்கு விதைமூட்டை வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதே நடத்திவிட்டால் பிள்ளையே மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வரும். கல்வெட்டு ஒன்று, சேற்றுப்புண் அரை, மலாயா ஒன்று. மொத்தம் மூன்றரைப் பாடவேளை, அவ்வளவுதான் செலவு.

நேரில் பார்க்க இரண்டு இடம் சொல்லலாம், இரண்டும் திருச்சியில். கண்டோன்மென்ட் பகுதியில் மேஜர் சரவணன் நினைவிடம். கார்கிலில் 29 மே 1999இல் இறந்தவர், உடல் ஒரு மாதத்துக்கும் மேல் பனியிலேயே கிடந்து, பிறகுதான் மீட்கப்பட்டது. மாலை போடுவதற்கு முன் அந்த ஒரு மாதத்தைப் பற்றி, அந்த வீட்டில் அந்த ஒரு மாதம் எப்படிப் போயிருக்கும் என்பதைப் பற்றி, இரண்டு நிமிடம் பேசலாம். இன்னொன்று காந்தி மார்க்கெட் முன்னால் இருக்கும் முதல் உலகப் போர் நினைவு மணிக்கூண்டு. தினம் ஆயிரம் பேர் அதைச் சுற்றிப் போகிறார்கள், மணி பார்க்கக்கூட யாரும் தலை தூக்குவதில்லை. விடியற்காலையில் காய்கறி லாரி நிற்கும், பத்து மணிக்கு மேல் வெயில். அதனால் எட்டிலிருந்து ஒன்பதுக்குள் போவது நல்லது, இருபது பேருக்கு மேல் கூட்டிப்போனால் சாலையில் நிற்க இடம் இருக்காது. இந்தப் போருக்காக நம் நாட்டு ஊர்களில் வைத்த கல்லில் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும். இங்கிருந்து போருக்குப் போனவர் இத்தனை, உயிர் கொடுத்தவர் இத்தனை. கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மிச்சத்தில் காலோ கண்ணோ இல்லாமல் திரும்பியவர் எத்தனை என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும் வரை அங்கேயே நிற்கலாம்.